இராபர்ட்டு கால்டுவெல்

இராபர்ட்டு கால்டுவெல் (மே 7, 1814 – ஆகஸ்ட் 28, 1891) அயர்லாந்தில் பிறந்து, தமிழகத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய கிறித்தவ சமயப் பணியாளரும் மொழியியல் அறிஞரும் ஆவார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலிய மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை விரிவான சான்றுகளுடன் நிறுவிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்னும் நூலை 1856 ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒரே வேர்ச்சொல் பெயராகவும் வினையாகவும் அடையாகவும் நிற்கும் முறையை இந்நூலில் இவர் ஆராய்ந்துள்ளார். ஒரு மொழியின் தனித்தன்மையை அதன் சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு அறிவதைவிடச் சொற்கள் தொழிற்படும் முறையைக் கொண்டு அறிவதே சரி என்ற இவருடைய அணுகுமுறைக்கு இப்பகுதி நல்ல எடுத்துக்காட்டாகும்.

இளமையும் கல்வியும்

கால்டுவெல் அயர்லாந்தின் அன்ட்ரிம் பகுதியில் உள்ள கிளாடி என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய பெற்றோர் இசுக்காட்லாந்து நாட்டவர். இவர் சிறுவராக இருந்தபோதே குடும்பம் கிளாசுகோ நகருக்குத் திரும்பியது. பதினாறாம் அகவையில் ஓவியம் கற்பதற்காக டப்ளின் நகருக்குச் சென்ற இவர், சில ஆண்டுகளில் சமயப் பணியில் நாட்டம் கொண்டு அத்துறையை விட்டு விலகினார்.

இலண்டன் மிசனரி கழகத்தின் உதவியுடன் கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த டேனியல் சேண்ட்ஃபோர்டு, கிரேக்கத்தைப் பிற மொழிகளுடன் ஒப்பிட்டுக் கற்பிக்கும் வழக்கம் உடையவர். ஒப்பியல் மொழிநூலில் கால்டுவெல்லுக்கு ஆர்வம் பிறக்க இவ்வகுப்புகளே காரணமாயின. அக்காலத்தில் சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராயும் முறை ஐரோப்பாவில் வேகமாக வளர்ந்து வந்தது. அதே முறையைத் தென்னிந்திய மொழிகளுக்குப் பொருத்தும் பணியே பின்னாளில் இவருடைய வாழ்நாள் பணியாக அமைந்தது.

தமிழகம் வருதல்

பட்டம் பெற்றபின் கப்பலில் புறப்பட்டு, 1838 ஆம் ஆண்டு சனவரி 8 அன்று சென்னை வந்து சேர்ந்தார். அதே கப்பலில் தெலுங்கு அறிஞரான சி. பி. பிரவுன் பயணம் செய்தார். இந்திய மொழிகளைப் பற்றிய அறிமுகம் கால்டுவெல்லுக்குக் கடலிலேயே கிடைத்தது எனலாம். சென்னையில் தங்கியிருந்த மூன்று ஆண்டுகளில் தமிழைக் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த துரு என்பவருடன் இவருக்கு நெருங்கிய பழக்கம் இருந்தது.

1841 ஆம் ஆண்டு இவர் இலண்டன் மிசனரி கழகத்திலிருந்து விலகி, ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த நற்செய்திப் பரப்புக் கழகத்தில் இணைந்தார். அதே ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டுச் சிதம்பரம், தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, நீலகிரி, கோயம்புத்தூர், மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். இப்பயணத்தின் பெரும்பகுதியை நடந்தே கடந்தார். வழியில் உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றார். மக்களின் பேச்சு மொழியையும் வழக்கங்களையும் நேரில் அறிய இந்நடைப்பயணம் உதவியது.

இடையன்குடி வாழ்க்கை

1841 ஆம் ஆண்டின் இறுதியில் கால்டுவெல் இடையன்குடியை அடைந்தார். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், செம்மண் தேரியும் பனையும் சூழ்ந்த சிற்றூர் இது. தெருக்களை நேர்ப்படுத்தியும் கிணறுகள் தோண்டியும் பள்ளிகள் தொடங்கியும் இவ்வூரைத் திட்டமிட்ட குடியிருப்பாக மாற்றினார்.

1844 ஆம் ஆண்டு, நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லசு மால்ட்டின் மகளான எலிசாவை மணந்தார். தென்தமிழகத்திலேயே வளர்ந்த எலிசா தமிழைச் சரளமாகப் பேசக்கூடியவர். பெண் குழந்தைகளுக்கான பள்ளியை நடத்தியதுடன், இடையன்குடிப் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் தொழிலையும் கற்பித்தார். அவ்வூரின் தூய திரித்துவ ஆலயத்துக்கு 1847 ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்ற கட்டடப் பணி முடிந்து, 1880 ஆம் ஆண்டு சூலை 6 அன்று ஆலயம் திறக்கப்பட்டது.

ஒப்பிலக்கணம்

கால்டுவெல்லின் காலத்தில், தென்னிந்திய மொழிகள் அனைத்தும் சமற்கிருதத்திலிருந்து பிறந்தவை என்ற கருத்து ஐரோப்பிய அறிஞர் பலரிடையே நிலவியது. இதை முதலில் மறுத்தவர் சென்னையில் அரசு அலுவலராக இருந்த எல்லிசு ஆவார். கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையில், 1816 ஆம் ஆண்டு, தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை தனிக்குடும்பம் என்பதை எல்லிசு எடுத்துக்காட்டினார். ஆயினும் அக்கருத்து பரவலாக அறியப்படவில்லை.

கால்டுவெல் 1856 ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் ஒலிகள், வேர்கள், பெயர், எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினை என்ற வரிசையில் மொழிகளை ஒப்பிட்டது. முதல் பதிப்பில் ஒன்பது மொழிகளை எடுத்துக்கொண்ட இவர், 1875 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அவற்றைப் பன்னிரண்டாக விரிவாக்கினார். அவற்றுள் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் திருந்திய மொழிகள் என்றும், தோடா, கோட்டா, கோண்டி, கூ, ஒராவன், இராசமகால் ஆகிய ஆறும் திருந்தாத மொழிகள் என்றும் வகுக்கப்பட்டன. எழுத்திலக்கியம் உடைமையை வைத்துச் செய்யப்பட்ட இப்பாகுபாட்டை இக்கால மொழியியல் ஏற்பதில்லை.

சமற்கிருதச் சொற்கள் இம்மொழிகளில் மிகுதியாகக் கலந்துள்ளன என்பதைக் கால்டுவெல் மறுக்கவில்லை. ஆனால், ஒரு மொழி இன்னொரு மொழியிலிருந்து எத்தனை சொற்களை வேண்டுமானாலும் கடன் வாங்கலாம். மூவிடப்பெயர்களும் எண்ணுப்பெயர்களும் வேற்றுமை உருபுகளும் வினைமுற்று அமைப்பும் தொடரமைப்பும் அவ்வாறு எளிதில் மாறுவதில்லை என்பது இவருடைய வாதமாகும். நாம், நாங்கள் என்ற இருவகைத் தன்மைப் பன்மை, முன்னொட்டுகளுக்கு மாறாகச் சொல்லின் பின்னே சேரும் உருபுகள், எதிர்மறை வினை, இணைப்புச் சுட்டுப்பெயர்களுக்கு மாறாக வரும் பெயரெச்சம் ஆகியவற்றை இவர் இதற்குச் சான்றாகக் காட்டினார்.

இதை விளக்கத் திருநெல்வேலிச் சீமையிலேயே சான்றுகள் இருந்தன. சோழபுரம், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்கள் அடங்கிய பகுதி, 1910 ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை, திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். இராசபாளையத்தில் தமிழும் தெலுங்கும் பல தலைமுறைகளாக அருகருகே பேசப்படுகின்றன. ஆடு, பாடு போன்ற வினைகள் இரு மொழியிலும் ஒன்றே. அவற்றிலிருந்து தமிழில் ஆட்டம், பாட்டு என்ற பெயர்கள் உருவாகின்றன. தெலுங்கிலும் அதே டகரம் வல்லொலியாக மாறியே பெயர் உருவாகிறது. இத்தகைய ஒற்றுமை கடன் வாங்கியதால் வருவதன்று, பிறப்பால் வருவது.

பெயரும் வினையும்

திராவிட வேர்களைக் கால்டுவெல் வினையடி, பெயர் என்று இரு வகையாகப் பிரித்தார். எனினும் இவற்றுக்கு இடையிலான எல்லை இறுக்கமானதன்று என்றும், வினையடிகள் பல எந்த மாற்றமும் இன்றிப் பெயராகவும் வழங்கக்கூடியவை என்றும் கருதினார். சொல் என்பதை எடுத்துக்கொண்டால், அது ஏவல் வினையாகவும் வரும்; மொழியின் உறுப்பைக் குறிக்கும் பெயராகவும் வரும். பூ, அடி, கட்டு, வெட்டு, தட்டு, உதை ஆகியனவும் இத்தகையவை. கன்னடத்தில் ஹாடு என்பது பாடு என்ற வினையையும் பாட்டு என்ற பெயரையும் ஒருங்கே குறிக்கும்.

மாற்றம் நிகழும் இடங்களிலும் அது மிகச் சிறிய ஒலி மாற்றமாகவே இருப்பதை இவர் கவனித்தார். குறில் நெடிலாவது ஒரு வழி. கெடு கேடு ஆகிறது. சுடு சூடு ஆகிறது. படு பாடு ஆகிறது. ஈற்றெழுத்தின் வல்லினம் இரட்டிப்பது மற்றொரு வழி. இந்த இரட்டிப்பு ஒன்றே நான்கு வேறு பணிகளைச் செய்வதை இவர் விளக்கினார்.

1. பெயரை அடையாக்குதல்: நாடு – நாட்டு (நாட்டு மருந்து), ஆறு – ஆற்று (ஆற்று நீர்).
2. வினையைப் பெயராக்குதல்: எழுது – எழுத்து, விளையாடு – விளையாட்டு.
3. தன்வினையைப் பிறவினையாக்குதல்: ஓடு – ஓட்டு, ஆகு – ஆக்கு.
4. இறந்தகாலம் காட்டுதல்: விடு – விட்டான், புகு – புக்கான்.

கூட்டு என்ற சொல்லில் இவற்றுள் மூன்றை ஒருங்கே காணலாம். எண்களைக் கூட்டு என்னும்போது அது பிறவினை. இலையில் பரிமாறும் கூட்டு பெயர். கூட்டுக் குடும்பம் என்னும்போது அடை. குருவிக் கூட்டுக்குள் என்னும்போது, கூடு என்ற பெயர் வேற்றுமை உருபை ஏற்பதற்காக அதே வடிவத்தை அடைகிறது.

திராவிட மொழிகளில் ஐரோப்பிய மொழிகளில் உள்ளதுபோல் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப உருமாறும் பெயரடை இல்லை என்பதும் கால்டுவெல் வலியுறுத்திய கருத்தாகும். ஒரு பெயர் மற்றொரு பெயரின் முன் நின்றாலே அடையின் பணியைச் செய்துவிடுகிறது. கல் வீடு, மரப் பெட்டி, பொற்குடம் என்பன போன்றவை இதற்குச் சான்றுகள்.

இச்செய்திகள் தமிழ் இலக்கண மரபுக்குப் புதியவை அல்ல. தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தது. வினையடி மாறாமல் தொழிலின் பெயராக நிற்பதை முதனிலைத் தொழிற்பெயர் என்றும், கேடு, சூடு போல நீண்டு நிற்பதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்றும் தமிழ் இலக்கணம் வழங்குகிறது. வினைப்பகுதிகளுக்கு ஈற்றெழுத்து அடிப்படையில் 23 வாய்பாடுகளை நன்னூல் தந்துள்ளது. தமிழுக்குள் அறியப்பட்டிருந்த இவ்வுண்மை மொழிக்குடும்பம் முழுமைக்கும் பொதுவானது என்று காட்டியதே கால்டுவெல்லின் பங்களிப்பாகும்.

ஆங்கிலத்துடன் ஒப்பீடு

ஒரு சொல் பல சொல்வகைகளாக நிற்பது ஆங்கிலத்தில் மிகவும் வெளிப்படையாகக் காணப்படும் இயல்பாகும். ரவுண்டு என்ற சொல் பெயராகவும், வினையாகவும், பெயரடையாகவும், வினையடையாகவும், முன்னிடைச் சொல்லாகவும் வழங்குகிறது. வாட்டர் என்பது தண்ணீர் என்ற பெயர். செடிக்கு நீர் ஊற்று என்ற வினையும் அதுவே. மேலோட்டமாகத் தமிழை ஒத்திருந்தாலும், ஆங்கிலம் இந்நிலையை அடைந்த வழி வேறானது.

பழைய ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் தனித்தனி ஈறுகள் இருந்தன. அன்பு என்ற பெயர் லுவு என்றும், அன்பு செய்தல் என்ற வினை லுவியன் என்றும் ஒலித்தன. 11 ஆம் நூற்றாண்டுக்கும் 15 ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இந்த ஈறுகள் பெரும்பாலும் தேய்ந்து மறைந்தன. இரண்டும் லவ் என்ற ஒரே வடிவில் வந்து நின்றன. ஈறு போனபின், தொடரில் சொல் நிற்கும் இடமே அதன் வகையைக் காட்டுவதாயிற்று. வடிவ வேறுபாடு இன்றியமையாததாக இல்லாமல் போனதால், புதிய பெயர்களையும் அப்படியே வினையாக வழங்கும் வழக்கம் பெருகியது. சில சொற்களில் மட்டும் ஒலி வேறுபாடு எஞ்சியுள்ளது. பாடு என்ற வினை சிங், பாட்டு என்ற பெயர் சாங். ரெக்கார்டு என்ற சொல்லில் முதல் அசை அழுந்தினால் பெயர். இரண்டாம் அசை அழுந்தினால் வினை.

தமிழில் வேர் தனித்து நிற்கும்போதுதான் பொதுமை உண்டு. வேற்றுமை உருபோ கால இடைநிலையோ சேர்ந்தவுடன் அதன் வகை உறுதியாகிறது. சொல்லை, சொற்கள் என்பன பெயர். சொன்னான், சொல்கிறாள் என்பன வினை. ஆங்கிலத்திலோ ஈறு சேர்ந்த பின்னும் ஐயம் எஞ்சுவதுண்டு. பன்மைப் பெயருக்கும் நிகழ்காலப் படர்க்கை ஒருமை வினைக்கும் ஒரே சகர ஈறு வருவதால், வாக்சு என்பது நடைகள் என்றும் பொருள்படும், நடக்கிறான் என்றும் பொருள்படும். ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர்கள் சொல்லை மட்டும் பார்க்காமல், அது நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டியிருப்பது இதனாலேயே.

ஒரு சொல் பல வகையாக நிற்பதும், இரு வேறு சொற்கள் தற்செயலாக ஒரே வடிவம் பெறுவதும் ஒன்றல்ல. நதியைக் குறிக்கும் ஆறும் எண்ணைக் குறிக்கும் ஆறும் தனித்தனிச் சொற்கள். ஆங்கிலத்தில் ஒளியைக் குறிக்கும் லைட்டும் எடை குறைவைக் குறிக்கும் லைட்டும் அவ்வாறே வெவ்வேறு வேரிலிருந்து வந்தவை.

கடன்சொற்கள் தமிழுக்குள் நுழையும்போதும் தமிழின் இயல்பு வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் உள்ள சொல், தமிழுக்கு வரும்போது வினையடியாக ஏற்கப்படுவதில்லை. டைப் செய், டவுன்லோடு பண்ணு என்று ஒரு துணைவினையைச் சேர்த்தே வழங்குகின்றனர். முற்காலத்தில் வந்த சமற்கிருதச் சொற்களும் யோசி, தியானி என இகர ஈறு பெற்ற பின்னரே தமிழ் வினைகளாயின. சொற்கள் எளிதில் இடம் மாறும், இலக்கண இயல்பு எளிதில் மாறாது என்ற கால்டுவெல்லின் வாதத்துக்கு இன்றைய பேச்சுத் தமிழும் அரண் சேர்க்கிறது.

பிற பணிகள்

1858 ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விவிலியத் திருத்தக் குழுவில், என்றி பவருடன் இணைந்து கால்டுவெல் பணியாற்றினார். கொற்கை, காயல் ஆகிய பழைய துறைமுகங்களைப் பற்றி ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1877 ஆம் ஆண்டு கொல்கத்தாவில், எட்வர்டு சார்சென்ட்டுடன் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

1881 ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். பழங்காலம் முதல், இம்மாவட்டம் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்த 1801 ஆம் ஆண்டு வரையிலான செய்திகள் அதில் இடம்பெற்றுள்ளன. பாண்டியர், நாயக்கர் ஆட்சிகளும், பாளையக்காரர் போர்களும் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. 1883 ஆம் ஆண்டு தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து, அங்கே கல்லூரி ஒன்றை நிறுவினார்.

திறனாய்வு

கால்டுவெல்லின் கருத்துகள் அனைத்தும் காலத்தை வென்று நிற்கவில்லை. திராவிட மொழிகள் துருக்கி, பின்லாந்து முதலிய நாடுகளின் மொழிகளை உள்ளடக்கிய சித்தியக் குடும்பத்துடன் தொடர்புடையவை என்று இவர் கருதினார். இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. சங்க நூல்கள் அச்சேறுவதற்கு முன்பே இவருடைய நூலின் இரு பதிப்புகளும் வெளிவந்துவிட்டன. கலித்தொகை 1887 ஆம் ஆண்டிலும் புறநானூறு 1894 ஆம் ஆண்டிலும் அச்சில் வந்தன. எனவே தமிழ் இலக்கியத்தின் தொடக்கத்தை இவர் மிகவும் பிற்காலத்ததாகக் கணித்தார்.

திருநெல்வேலிப் பகுதியின் பனையேறும் மக்களைப் பற்றி 1849 ஆம் ஆண்டு இவர் வெளியிட்ட நூல் அம்மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவர்களுடைய தோற்றத்தையும் பண்பையும் தாழ்த்திக் கூறியதாகக் கண்டிக்கப்பட்ட அந்நூலைப் பின்னர்ப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். எல்லிசின் முன்னோடிப் பணிக்கு ஒப்பிலக்கணத்தில் போதிய இடம் தரவில்லை என்ற குறையும் ஆய்வாளர்களால் சுட்டப்படுகிறது.

இவருடைய மறைவுக்குப் பின், 1913 ஆம் ஆண்டு, வயட், இராமகிருட்டிண பிள்ளை ஆகியோர் ஒப்பிலக்கணத்தின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர். இரண்டாம் பதிப்பின் சில பகுதிகள் அதில் நீக்கப்பட்டன. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலி (1961), கிருட்டிணமூர்த்தியின் திராவிட மொழிகள் (2003) ஆகிய நூல்கள் இத்துறையை வெகுதொலைவு வளர்த்துள்ளன. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்ற அடிப்படை மட்டும் மாறாமல் உள்ளது.

இறுதிக்காலமும் நினைவும்

1891 ஆம் ஆண்டு சனவரியில் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கால்டுவெல் கொடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 28 அன்று அங்கே காலமானார். இவருடைய உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டுத் தூய திரித்துவ ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டது.

1968 ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினா கடற்கரையில் இவருக்குச் சிலை வைக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. இடையன்குடியில் இவர் வாழ்ந்த இல்லம் 2011 ஆம் ஆண்டு தமிழக அரசின் நினைவில்லமாக்கப்பட்டது.